பதினோரு மக்கில் ஒரு முகம்

என் மனைவி தமிழரசி இருபத்தாறு வருஷம் மனிதர்களை வெளுக்கிற வேலை பார்த்தாள். சோப்புப் போட்டு அல்ல, கம்ப்யூட்டரில். கல்கத்தா கரியாஹாட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, வரனுக்குக் காத்திருக்கும் பெண்களின் முகத்திலிருந்து பரு, தழும்பு, கருவளையம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடைசியில் நிறத்தையும் எடுத்துவிடுவாள். பெண்ணைப் பெற்றவர்கள் கவுண்டரில் குனிந்து, கொஞ்சம் ‘ஃபர்ஷா’வாகச் செய்து கொடுங்கள் என்று ரகசியமாகக் கேட்பார்கள். நம் பாஷையில் சொன்னால், கொஞ்சம் சிவப்பாக. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தமிழரசிக்குத்தான் தெரியும். பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது, பெற்றவளுக்கு மனசு குளிர வேண்டும். இந்த விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள தென் கல்கத்தாவில் ஆள் கிடையாது.

நான் மணிவேல், கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பெஹாலாவில் கீழ்த்தள வீடு. எங்களுக்கு ஒரே மகள் தீப்தி, இருபத்தொன்பது வயது. நிறத்தில் கறுப்பான என்னையும் கொள்ளவில்லை, சிவப்பான அம்மாவையும் கொள்ளவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்பாள். அந்த எங்கேயோ தமிழரசிக்குப் பொறுக்கவில்லை. ஊரார் பெண்களுக்குச் செய்ததைச் சொந்தப் பெண்ணுக்குச் செய்யாமல் விடுவாளா? தீப்தியின் வரன் போட்டோவில் தன் வித்தையை எல்லாம் இறக்கினாள். ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனின் அம்மா போட்டோவைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள். பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். இப்படி மூன்று குடும்பம். மூன்றாவது முறைக்குப் பிறகு தீப்தி ஹைதராபாத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வருஷம் அம்மாவோடு பேச்சு வார்த்தை இல்லை. எனக்கு மட்டும் மாதம் ஒரு போன் வரும்.

போன வருஷம் ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். இவள் அரைமணி நேரம் உழைத்துச் செய்ததை இப்போது போன் கேட்காமலே செய்கிறது, அப்புறம் இவள் எதற்கு? சும்மா இருக்க மாட்டாமல், மக்கில் படம் போட்டு விற்கிறேன் என்று சப்ளிமேஷன் பிரிண்டர் ஒன்று வாங்கினாள். பெட்டி வந்த அன்று மாலை தீப்தி என்னைக் கூப்பிட்டாள். கல்கத்தா நியூ டவுனில் ஆபீஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வீட்டுக்கு வருகிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள் என்றாள்.

சொன்னேன். தமிழரசி பிரிண்டர் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

“முதல் மக் அவளுக்குத்தாங்க. எந்த வேலையும் செய்யாம, அவ எப்படி இருக்காளோ அப்படியே போட்டுக் குடுக்கணும். கையில வாங்கிப் பார்த்தா அவளுக்குப் புரிஞ்சிடும்.”

அதற்கு எட்டு நாள் இருந்தது. மருந்துப் புட்டி மாதிரி நாலு புட்டி மையை இயந்திரத்தில் ஊற்றினோம். வேலை கேட்பதற்குச் சுலபம்தான். படத்தைத் தனிக் காகிதத்தில் இடவலம் மாற்றி அச்சடித்து, மக்கைச் சுற்றி டேப்பால் ஒட்டி, பிரிண்டரோடு வந்த சூட்டு மெஷினில் இறுக்கி வைக்க வேண்டும். மை ஆவியாகி மக்கின் பூச்சுக்குள் இறங்கிவிடும். தேய்த்தாலும் போகாது. காகிதத்தில் இருக்கும்போது படம் சாம்பல் பூசின மாதிரி மங்கிக் கிடக்கும். சூடு பட்ட பிறகுதான் அசல் நிறம் எழும். மூன்று நிமிஷம் கழித்து மெஷின் கத்துகிற வரை என்ன வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆவணி மாதத்துக் கல்கத்தாவில் சுவரே வியர்க்கும், காகிதம் என்ன செய்யும்? சோதனையாகப் போட்ட மக்கில் எல்லாம் திட்டுத்திட்டாக வந்தது. காகிதத்தை பீரோவுக்குள், மருந்து டப்பாக்களில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வைத்துப் பூட்டினாள். என் சேலைக்கு இடமில்லையே என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

அடுத்த சோதனைக்கு என் ஆபீஸ் அடையாள அட்டைப் படம். மஞ்சள் காமாலைக்காரன் போல வந்தேன். மை விற்றவனுக்குப் போன் போட்டாள். அந்த மைக்கும் அந்தக் காகிதத்துக்கும் ஏற்றபடி நிறத்தைத் திருத்துகிற ஃபைல் ஒன்றை அனுப்பினான். அடுத்த மக்கில் நானே நான்: கறுப்பு, கன்னத்து மச்சம், காதோர நரை, எதுவும் தப்பவில்லை. இருபத்தாறு வருஷத்தில் என் படத்தில் மட்டும் அவள் கை வைத்ததில்லை. ஆம்பளைக்கு எதற்கு என்பாள்.

வியாழக்கிழமை தீப்தியின் படத்தைப் போட்டாள். ரோஜா நிறப் பொம்மை ஒன்று வந்தது. மெஷினில் கோளாறு இல்லை, என் முகமே அதற்குச் சாட்சி. கோளாறு படத்தில். வேறு படத்தைப் போட்டாள், அதே பொம்மை. கம்ப்யூட்டரில் தீப்தியின் படங்கள் முந்நூறுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தாள், மூடினாள். எல்லாவற்றையும் வெளுத்து, அதே பெயரில், பழைய படத்தின் மேலேயே சேமித்திருக்கிறாள். அசல் ஒன்றுகூட இல்லை. குழந்தைப் படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றனவே என்று எடுத்தேன். ஃபிலிம் காலத்தில் கம்ப்யூட்டர் இல்லை, ஆனால் பவுடர் இருந்தது. ஒரு வயசுக் குழந்தை மாவில் புரட்டியெடுத்த மாதிரி நிற்கிறது. நான்தான் தூக்கி நிறுத்தியிருக்கிறேன், என் கை படத்தின் ஓரத்தில் தெரிகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

“தீப்திகிட்டயே ஒரு போட்டோ அனுப்பச் சொல்றேன்” என்றேன்.

“பெத்த பொண்ணு போட்டோவ அவகிட்டயே கேக்கறதா? எங்கிட்ட ஒண்ணுகூட இல்லன்னு சொல்லப் போறீங்களா?”

நான் போனைக் கீழே வைத்தேன். வெளுத்த படத்தில் பழைய நிறத்தைத் தானே ஏற்றிவிடுவதாகச் சொன்னாள். எடுத்த கைக்குப் போடத் தெரியாதா என்றாள். உட்கார்ந்த பிறகு என்னிடம் திரும்பினாள்.

“அவ என்ன கலருங்க?”

“மாநிறம்.”

“மாநிறம்னா?”

“டீ மாதிரி.”

“எந்த டீ? நம்ம வீட்டு டீயா, முக்குக் கடை டீயா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் அவள் மேல் இல்லை. முப்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இப்போது பதில் தெரியவில்லை, அதுதான். வெள்ளியும் சனியும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கொஞ்சம் கூட்டுவாள், மக்கைச் சூட்டில் வைப்பாள், மெஷின் கத்தும், எடுத்துப் பார்ப்பாள், மறுபடி உட்காருவாள். சனிக்கிழமை சாயங்காலம் மேஜையில் பதினோரு மக் நின்றன. ஒரே சிரிப்பு, ஒரே ஜிமிக்கி, பதினோரு நிறம்.

ஞாயிறு பதினொன்றே காலுக்கு தீப்தி வந்தாள். மெலிந்திருந்தாள். இரண்டு தோசை சாப்பிட்டாள். “அச்சா, இதுதான் உன் மெஷினாம்மா?” என்று கேட்டாள். எனக்கு அதுவே போதும் போல இருந்தது.

தமிழரசி மேஜைக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். “நீ இருக்கற மாதிரியே ஒண்ணு குடுக்கணும்னு நெனச்சேன். உன் எல்லாப் போட்டோலயும் நான் கை வெச்சிருக்கேன் தீப்தி. ஒண்ணுகூட மிச்சம் வெக்கல. என்னை மன்னிச்சிரும்மா.”

இவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. தீப்திக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“சாடோ மா” என்றாள் வங்காளத்தில். “விடு. இப்ப நான் முன்னாடியே நிக்கறேன்ல? என்னைப் பார்த்துட்டு எடு. இதுல நான் எது?”

தமிழரசி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மகளை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி, நெற்றி, கன்னம், கழுத்து என்று நிதானமாகப் பார்த்தாள். பிறகு துளியும் தயங்காமல் நாலாவது மக்கை எடுத்தாள்.

“இது.”

தீப்தி அதை வாங்கித் தன் கையோடு சேர்த்து வைத்தாள். மக்கில் இருந்தவள் வெளுத்த வேறு யாரோ. குருடனுக்கும் தெரியும். அவ்வளவு வித்தியாசம்.

“பக்கத்துல வெச்சுப் பாருமா.”

“பார்த்தேன்டி. அப்படியே இருக்கு. கரெக்டா வந்திருக்கு” என்றாள் தமிழரசி. முகமெல்லாம் சந்தோஷம்.

தீப்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வண்டி வந்துவிட்டது என்று சொல்லி மக்கை மேஜையில் வைத்தாள். ஃப்ளைட்டில் உடைந்துவிடும், இங்கேயே இருக்கட்டும் என்றாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு விடைபெற்றாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனேன்.

“அம்மா பொய் சொல்லலப்பா” என்றாள். “பொய் சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். அவங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரியுது. இதுக்கு நான் என்னப்பா பண்றது?”

“மறுபடி எப்பம்மா வருவ?”

“பார்க்கலாம்பா.”

வண்டி போய்விட்டது. நான் வீட்டுக்குள் வந்தபோது தமிழரசி நாலாவது மக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சந்தோஷமாப் போனாளா?”

வழக்கம் போல ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இந்த வீட்டில் நான் சொல்லி வந்தது அது ஒன்றுதான். என்னால் முடியவில்லை.

“தமிழு, அது அவ இல்ல.”

“அப்ப எது?”

பின்வரிசையிலிருந்து ஒன்பதாவதை எடுத்துக் கொடுத்தேன். அச்சு அசல் தீப்தி. இவளே தன் கையால் நிறம் ஏற்றி, தானே சூட்டில் வைத்து எடுத்து, சரியில்லை என்று ஒதுக்கியது. அதை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இவ்வளவு கறுப்பாவாங்க இருக்கா என் பொண்ணு?”

அவள் குரலில் வெறுப்பு இல்லை. தெரியாமல்தான் கேட்டாள்.