மடக்கினால் வலிக்கும் முழங்கை

பிரவீனா கை வலி என்று நடிக்கிறாளாம். எங்கள் கடை மேலாளர் பாலாஜி அப்படித்தான் சொல்லித் திரிந்தார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் ஆறு வருடமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து புடவை காட்டுகிறவள் நான்.

மாகறல் கிராமத்திலிருந்து காலை பஸ் பிடித்து வருவாள். முகூர்த்த மாதங்களில் தினம் நூறு புடவையாவது விரிப்பாள், மடிப்பாள். எழுபது புடவையைக் கலைத்துப் போட்டுவிட்டு அப்புறம் வருகிறோம் என்று எழுந்து போகிறவர்களிடமும் முகம் சுளிக்க மாட்டாள். உடம்பில் எலும்பே இல்லையா என்று அவளைக் கிண்டல் செய்வோம். விரல்கள் பின்பக்கமாக அப்படி வளையும். கையை நீட்டினால் முழங்கையும் நேராக நிற்காமல் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும்.

தை மாதத்திலிருந்து வலது முழங்கையை மடக்கினால் உள்பக்கம் ஏதோ நழுவுகிறது, சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறது என்றாள். பில் போடும் இடத்துக்கு மாற்றச் சொன்னாள். அதற்கு டாக்டர் எழுதிய பேப்பர் வேண்டும் என்றார் பாலாஜி. எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தம். ஸ்கேன் சென்டரில் கையை நீட்டித் தலையணை மேல் வைத்து, அசைக்காதே என்று அதட்டி, இரண்டே நிமிடத்தில் நார்மல் என்று எழுதிவிட்டார் டாக்டர். மடக்கினால்தான் வலிக்கிறது என்று இவள் இரண்டு முறை சொன்னாளாம். வலி மடக்கும்போது, பார்ப்பது நீட்டி வைத்து. அத்தனை படிப்பும் எதற்கு?

பாலாஜி அந்தப் பேப்பரை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினார். திங்கட்கிழமை முதல் ஒழுங்காகப் புடவை விரி, இல்லாவிட்டால் வேலையை விட்டு நின்றுகொள் என்றார். பிரவீனா அழவில்லை. அழுதிருந்தால் அதையும் நடிப்பு என்றிருப்பார்.

சனிக்கிழமை மறுபடி ஸ்கேன் எடுக்க நானும் அவள்கூடப் போனேன். அதே சென்டர், அதே டாக்டர். கையை நீட்டச் சொன்னார். அவள் நீட்டவில்லை.

"நீட்டினா ஒழுங்காதான் இருக்குது சார். நீங்க மெஷினை வெச்சிக்கினே இருங்க, நான் மெதுவா மடக்கறேன். அப்போ பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஜெல் தடவிக் கருவியை வைத்தார். அவள் மடக்கினாள். அந்தத் திரையில் எனக்கு ஒன்றும் புரியாதுதான். ஆனால் எலும்புக்குப் பின்னால் இருந்த சின்ன வட்டம் ஒன்று, எலும்பு மேல் ஏறி முன்பக்கம் குதித்ததை நானே பார்த்தேன். பிரவீனா பல்லைக் கடித்தாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அது நரம்பாம். மூட்டு தளர்வாக இருக்கிற சிலருக்கு மடக்கும்போது பள்ளத்தை விட்டு இப்படி நழுவுமாம், நீட்டினால் தன் இடத்துக்குப் போய்விடுமாம். குரலில் வருத்தம் துளிகூட இல்லை. புதையல் கிடைத்தவர் போலப் பேசினார்.

இன்னொரு முறை மடக்கச் சொன்னார். மடக்கினாள். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பயிற்சி மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்ட மறுபடி மடக்கச் சொன்னார். பிறகு செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும், ஒரே ஒரு தடவை என்றார். அவள் உதடு வெளுத்திருந்தது. அந்த ஜெல் முழுவதையும் அவர் தலையில் கொட்டலாம் போல எனக்கு ஆத்திரம்.

பிரவீனா கையை நீட்டி வைத்துக்கொண்டாள்.

"போதும் சார். மொதல்ல எழுதுங்க. போன தடவை மடக்கிப் பாக்கலைன்னும் சேத்து எழுதுங்க."

மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். டாக்டர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார். அவர் கையெழுத்துப் போடும்வரை அவள் அந்தக் கையை அசைக்கவில்லை.