வீட்டுக்கு இரண்டு அங்கணம்

இராஜபாளையம் கடைவீதியில் முதல் மச்சு வீட்டைக் கட்டியவன் நான். அந்த மண் தாங்காது என்று சொன்ன பெரிய கொத்தனார்கள் பிறகு அந்த மச்சுக்குக் கீழேதான் நின்று வெற்றிலை வாங்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் போகும் வீதியில் ஒரு மனை கிடந்தது. தேர் உரசும் என்று நான்கு பேர் கைவிட்ட மனை. முகப்பை ஒரு சாண் உள்வாங்கி அதில் இரண்டு அடுக்கு எழுப்பினேன். இதுவரை உரசவில்லை. சுந்தரபாண்டியத்தில் ஊற்றுக்கண்ணுக்கு மேலேயே ஒரு நெல் களஞ்சியம். தேவதானம் போகும் பாதையில் எந்த வெள்ளத்துக்கும் அசையாத ஒரு சின்னப் பாலம். கிறிஸ்தவர்கள் கேட்டதற்காக ஒரு மணிக்கூண்டு. அதற்குப் படம் வரைந்து கொண்டுவந்தவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார், திருப்பிக் கொடுத்தது நான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி வருஷம்.

இவற்றில் எதற்கும் நான் பயந்ததில்லை. பயந்தது ஓடைத் தெருவுக்கு. இன்றைக்கும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், படுத்திருக்கிற இடத்தில் தரையைக் கையால் தடவிப் பார்க்கிறேன், ஈரம் ஏறியிருக்கிறதா என்று.

மில் வந்த புதிதில் வேலைக்காகச் சுற்றுப்பட்டி ஆட்கள் வந்து ஓடைக்கரையில் குடிசை போட்டார்கள். பனையோலைக் கூரை, குனிந்தால்தான் நுழையலாம். ஒரு குடிசையில் கழுவி ஊற்றிய தண்ணீர் அடுத்த குடிசையின் அடுப்படியில் போய் நிற்கும். மழைக்காலம் வந்தால் வாந்திபேதி வந்துவிடும். அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். "அது வந்துட்டு" என்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கமாக என் செங்கல் வண்டி போனால் மாட்டை விரட்டச் சொல்லிவிட்டு நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

மனை முழுவதும் ஒரு பஞ்சு வியாபாரிக்குச் சொந்தம். வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிறவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேஸ்திரி, குடிசையெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு வரிசையா ஓட்டு வீடு கட்டணும். இருபத்திரண்டு வீடு. வீட்டுக்கு ரெண்டு அங்கணம். எல்லாம் வாட்டமா இருக்கணும்."

"சரிங்க முதலாளி" என்றேன்.

எங்களுக்கு அங்கணம் என்றால் பாத்திரம் கழுவுகிற இடம். தண்ணீர் வெளியே போகிற துவாரத்தோடு கல் பாவிய மூலை. வாட்டம் என்றால் மற்றவர்களுக்கு வசதி, கொத்தனுக்குத் தண்ணீர் ஓடுகிற சரிவு. வசதியுள்ள வீட்டிலேயே ஒரு அங்கணம்தான் இருக்கும், கூலிக்காரர்களுக்கு இவர் இரண்டு கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால், படிக்காதவன், சொன்னது விளங்கவில்லை என்று நினைப்பாரே! அந்த வீறாப்பு எனக்கு எப்போதும் உண்டு.

அவர் பஞ்சு விற்கப் பம்பாய்க்குப் போனார். குடிசைக்காரர்கள் மில்லுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் இருந்தார்கள். நான் கட்டினேன். ஒரு வீட்டுக்கு ஒரு பெரிய அறை. அடுப்படியில் ஒரு அங்கணம், கொல்லையில் குளிப்பதற்கு மறைப்பு வைத்து இன்னொன்று. எல்லா அங்கணத்துத் தண்ணீரும் கொல்லை வழியாக ஒரே கல் வாய்க்காலில் விழுந்து ஓடைக்குப் போகும். மேல் வீட்டில் ஒரு குடம் காவித் தண்ணீரை ஊற்றிவிட்டு வாய்க்கால் கூடவே நடந்து வந்தேன். வழியில் எங்கும் தேங்காமல் எனக்கு முன்னால் ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. வாட்டம் என்றால் அது வாட்டம்.

முதலாளி திரும்பி வந்து, கணக்கப்பிள்ளையோடு முதல் வீட்டுக்குள் நுழைந்தார்.

"நல்லாருக்கு மேஸ்திரி. ரெண்டாவது அங்கணம் எங்க?"

"இந்தா முதலாளி, கொல்லையில. பொம்பளைக குளிக்கதுக்கு."

அவர் கொல்லையைப் பார்த்தார். அடுப்படி மூலையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏமய்யா! அங்கணம்னா தூணுக்கும் தூணுக்கும் நடுவுல இருக்கிற கட்டு! ரெண்டு கட்டு வீடு கேட்டேன். நீ ஒரு கட்டும் ரெண்டு சாக்கடையும் கட்டி வெச்சிருக்கே!"

கணக்கப்பிள்ளை துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "விடுங்க முதலாளி. குடியிருக்கத்தான் எடமில்ல, கழுவதுக்கு எம்புட்டு வேணாலும் எடம் இருக்கு."

முதலாளி சிரிக்கவில்லை. "ஓடைப் பக்கமா வழி திறந்து வெச்சிருக்கியே, மழையில ஓடை ஏறினா? அம்புட்டு அழுக்கும் இந்த வாய்க்கால் வழியா இருபத்திரண்டு வீட்டு அடுப்படிக்கும் வராதா? இடிச்சிரு."

அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் வாய் மட்டும், "வராது முதலாளி" என்றது.

"வராதா? அப்ப நீ குடியிரு. ஓடையை ஒட்டின கடைசி வீட்டுல, பொண்டாட்டி பிள்ளையோட. ஐப்பசி, கார்த்திகை கழியட்டும். உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா தெரு நிக்கட்டும்."

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவிய சொன்னது வெளங்கலைன்னா இன்னொரு தடவ கேட்டா என்ன, வாயி வெந்தா போயிரும்? ஒம்ம வீறாப்புக்கு நானும் புள்ளையும் ஓடைத் தண்ணியில கெடக்கணுமா?"

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. தரையில் கிடப்பதை எல்லாம் எடுத்து வாயில் வைக்கிற வயது.

குடிபோனோம். ஐப்பசி மூன்றாம் நாள் மழை இறங்கியது. மில்லுக்குப் பின்னால் இருந்த கொட்டகை சாய்ந்துவிட்டதால், முதலாளி சரி என்று சொல்வதற்கு முன்பே குடிசைக்காரர்கள் எல்லாரும் சட்டி பானையோடு வந்து வீடுகளில் ஏறிக்கொண்டார்கள். இனி என் குடும்பம் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்கு வந்த மில்காரப் பெண் அங்கணத்துத் துவாரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கொத்தனாரே, இதுல பாம்பு மட்டுந்தான் வருமா, இல்ல ஓடையே வருமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் அது வந்துவிட்டது. கிணற்றில் மருந்தைக் கொட்டினார்கள். இறைத்தால் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. கொட்டு இல்லாமல் பாடைகள் போயின. என் மனைவி வெந்நீரைத் தவிர எதையும் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. இரண்டு அங்கணத்திலும் தினம் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினாள். அவள் செய்ததைப் பார்த்து மற்ற பெண்களும் செய்தார்கள். நான் மணிக்கு ஒரு தடவை ஓடையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்தால் மட்டும் தண்ணீர் இறங்கிவிடுமா?

ஒரு காலை, விடிந்து செத்த நேரம் இருக்கும், அடுப்படியில் அவள் கத்தினாள். ஓடிப் போனேன். அங்கணத்துத் துவாரம் குமிழி விட்டது. கறுப்புத் தண்ணீர் ஒரு விரல் உயரம் மேலே வந்து நின்றது. அதில் ஒரு ஓலை ஈர்க்கு மிதந்தது. அவள் பிள்ளையைத் தூக்கிப் பரண்மேல் உட்கார வைத்தாள். தெரு முழுக்க ஒவ்வொரு வீடாகப் பெண்கள் கத்துகிற சத்தம் மேலே ஏறிப் போனது.

நான் ஓடைக்கு ஓடினேன். ஓடைத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்கு ஒரு முழம் கீழேதான் இருந்தது! அப்படியானால் வந்தது ஓடைத் தண்ணீர் இல்லை. எங்கள் தண்ணீர்தான் போக வழியில்லாமல் திரும்பியிருக்கிறது. வாய்க்கால் வாயில் பழைய குடிசைகளின் ஓலை அடைத்துக்கொண்டு கிடந்தது. பிரித்த ஓலையை அப்புறப்படுத்தாமல் கரையிலேயே கொட்டுங்கள் என்று ஆட்களிடம் சொன்னதும் நான்தான்.

இடுப்பளவு இறங்கிக் கையால் பிடுங்கினேன். உதட்டை இறுக்க மூடிக்கொண்டேன். ஒரு சொட்டு உள்ளே போனாலும் போதும் என்று தெரியும். ஊறிய ஓலை வழுக்கியது. எத்தனை கட்டு என்று தெரியாது. கடைசியில் ஒரு பொத்தல் பாயோடு சேர்ந்து எல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தது. தண்ணீர் என் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடைக்குள் விழுந்தது.

வீட்டுக்குள் போகவில்லை. வாசலில் நின்று சொன்னேன், "ஏட்டி, நான் உள்ள வரலை. சுண்ணாம்புக் கொட்டகையில கெடக்கேன். பிள்ளைய என் பக்கம் விடாத." அவள் ஒரு பானை வெந்நீரை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். கட்டட வேலைச் சுண்ணாம்புக்காகத் தெருவோரம் போட்டிருந்த அந்தக் கொட்டகையில் மூன்று நாள் கிடந்தேன். வயிறு இரைந்தால் போச்சு என்று நினைப்பேன். இரையாவிட்டால் இனிமேல்தான் என்று நினைப்பேன். அங்கிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டே, எந்த வீட்டிலிருந்து அழுகை கிளம்புகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு வந்தது. பிழைத்துக்கொண்டார். வேறு யாருக்கும் வரவில்லை. அந்தப் பக்கத்துத் தெருவில் போனவர்களை நான் எண்ணவில்லை.

தை மாதம் சுகாதார அதிகாரி ஒருவர் தெருவைப் பார்க்க வந்தார். அங்கணங்களைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், தலையை ஆட்டினார். இப்படி வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் முதலாளி. "வீட்டுக்கு ரெண்டு அங்கணம்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். மேஸ்திரியையே கேளுங்க, சொன்னேனா இல்லையா?"

சொன்னது சத்தியம். "சொன்னாரு" என்றேன்.

அதன் பிறகு இராஜபாளையத்தில் அழுகிக் கிடந்த தெருக்கள் பலவற்றை இதே மாதிரி பிரித்துக் கட்டினார்கள். எல்லாரும் ஓடைத் தெருவுக்கு வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள். தெரு முனையில் கல் நட்டார்கள். முதலாளி பெயர் இருக்கிறது, திறந்துவைத்தவர் பெயர் இருக்கிறது, மாலை போட்டவர் பெயர்கூட இருக்கிறது.

அந்தக் கல்லின் கீழே இரண்டு வரிக்கு இடம் உண்டு. நான் அளந்து பார்த்துவிட்டேன். அதில் என் பெயரை வெட்ட வேண்டும். "அங்கணம் என்றால் என்னவென்று தப்பாகப் புரிந்துகொண்டு கட்டியவன்" என்று வெட்டினாலும் எனக்குச் சம்மதம். அந்தத் தப்பில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. கல் தச்சனை நானே கூட்டி வருகிறேன்.