தலைக்கோடு உதிர்ந்த பெயர்கள்

திரையில் வரிசையாகச் சிவப்பு விழுந்த அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதுவரை மாதக்கணக்கில் எங்கள் சோதனைத் திரை பச்சையைத் தவிர வேறு நிறம் காட்டியதில்லை. நாகமலை புதுக்கோட்டைக்குப் போகிற சாலையில், மாடியில் இருந்த சின்னக் கம்பெனி அது. ஐரோப்பிய மருத்துவமனை ஒன்றின் முன்பதிவுத் தளத்தைச் சோதிப்பது எங்கள் வேலை. நாங்கள் எழுதும் ஸ்கிரிப்ட் நோயாளியைப் போலவே பெயரைத் தட்டும், பட்டனை அழுத்தும், பதிவானதா என்று தேடிப் பார்க்கும். சரியென்றால் பச்சை, பிசகினால் சிவப்பு.

அன்று அதைச் சிவப்பாக்கியவர் எங்கள் லீட் அக்கா. மிஷன் பள்ளி ஆசிரியர் வீட்டுப் பெண். குரலை உயர்த்தமாட்டார், பிடித்தால் மட்டும் பிடித்ததுதான். சித்திரைத் திருவிழாவுக்கு நாங்கள் லீவில் போக, அவர் ஆபீஸைப் பார்த்துக்கொள்வார். கிறிஸ்துமஸுக்கு அவர் வேலையை நாங்கள் பார்ப்போம். அந்த முறை தளத்தின் புதுப் பதிப்பு வெளியாகும் ரிலீஸ், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள். லீவில் கிளம்ப எல்லாரையும்விட அதிகம் பறந்தது எங்கள் மாப்ள. அவன் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை, எல்லாரும் அப்படிக் கூப்பிடுவோம், அவ்வளவுதான். மகனுக்கு அழகர்கோவிலில் முதல் மொட்டை என்று வேண்டியிருந்தான். வேலை இன்னும் நிரந்தரமாகாத பயல்.

ஐரோப்பியப் பெயர்களில் சில எழுத்துகளின் தலையில் கோடோ புள்ளியோ இருக்கும். கம்ப்யூட்டர் அதைக் கோட்டோடு ஒரே எழுத்தாகவும் வைக்கும், எழுத்து தனி கோடு தனியாகவும் வைக்கும். நம் 'கொ'வுக்கும் இதே கதைதான், கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகவும் இருக்கும், தனித்தனியாகவும் இருக்கும். பார்வைக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. அந்தப் பெயர்கள் வந்தாலே ஸ்கிரிப்ட் சிவப்பு காட்டியதால், தட்டுவதற்கு முன்பே கோடு புள்ளியை உதிர்த்துவிடும்படி மாப்ள ஒரு வரி சேர்த்திருந்தான். கோளாறு ஸ்கிரிப்டில் என்றே பாவம் அவன் நம்பினான். கோளாறோ தளத்தில் இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்த நோயாளி போனில் தன் பெயரைத் தேடினால், போன் அதே எழுத்தை வேறு விதமாக வைப்பதால், அப்படி யாரும் இல்லை என்றே வரும்.

அன்று காலை அதைக் கண்டுபிடித்த அக்கா அந்த வரியை எடுத்தார், திரை சிவந்தது. மாப்ளயின் முகம் செத்துப்போனது.

"அக்கா, திருவிழா முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்க்கா."

"அங்க ஒருத்தர் நெஞ்சு வலியோட போய் நிப்பாரு, உங்க பேரே இல்லைம்பாங்க. அதுக்கு நாம எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுப்போமா?"

மேனேஜர் வேகமாக வந்தார். "ஒரு கோட்டுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? அப்ப இதுக்கு முன்னாடி போன ரிலீஸெல்லாம்?"

"அதுலயும் இந்தப் பேருகளச் சோதிக்கல சார். ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட சொல்லிரணும்."

"யாரு அந்த வரியப் போட்டது?"

நான் மாப்ள பக்கம் திரும்பினேன். அந்த வரி சேர்ந்தது கிறிஸ்துமஸ் வாரத்தில். அக்கா அப்போது ஆபீஸிலேயே இல்லை.

"நான் ஓகே பண்ணுனது சார்," என்றார் அக்கா.

தோண்டியிருந்தால் உண்மை வந்திருக்கும். மேனேஜருக்கு ஒரு ஆள் கிடைத்தால் போதும், தோண்டவில்லை. அவர் போனதும் அக்கா மாப்ளயைப் பார்த்து, "நீ என்னடா இன்னும் உக்காந்திருக்க? கெளம்பு," என்றார்.

ரிலீஸ் தள்ளிப்போனது. மருத்துவமனைக்காரர்கள் நன்றி சொல்லவில்லை, கோபித்துக்கொண்டார்கள். அக்காவிடமிருந்து லீட் பொறுப்பைப் பிடுங்கிவிட்டார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லீவு முடிந்து வந்த மாப்ள நேராக அவர் மேஜைக்குப் போனான். "எம் பேரச் சொல்லியிருக்கலாம்லக்கா?" கண் கலங்கிவிட்டது.

"அத விடு. புள்ள மொட்டைக்கு அழுதானா?"

வேலை நிரந்தரமாகி, இப்போது அந்த டீமுக்கு மாப்ளதான் லீட். அக்கா அவனுக்குக் கீழே வேலை பார்க்கிறார். ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் அவன் எழுந்து அவர் மேஜைக்குப் போய், "அனுப்பலாமாக்கா?" என்று கேட்கிறான். அவர் வேண்டாம் என்றால், யார் கத்தினாலும் அது போகாது.