அம்மாவின் புருவத்தில் ஒட்டிய நிறம்

மாலையில் வேலைவிட்டு வரும்போது மிஷின் எண்ணெய் வாசம் முதலில் வரும். அம்மா அதற்குப் பின்னால்தான் வருவாள். அன்று கம்பெனியில் என்ன நிறத் துணி ஓடியது என்று அவள் புருவத்தையும் முன்முடியையும் பார்த்தே சொல்லிவிடுவேன், ஏனென்றால் பனியன் துணியின் ‘பஞ்சு’ அங்கேதான் படிந்திருக்கும், அதை ஊதிவிடும் உரிமை வீட்டில் எனக்கு மட்டும்தான்.

தெற்கிலிருந்து பிழைக்க வந்த அம்மா, டைலருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி மடிக்கும் ‘கைமடி’யாகத்தான் திருப்பூரில் சேர்ந்தாள். மற்றவர்கள் சாப்பிட்டுக் கண் அசரும் மதிய நேரத்தில், வெட்டி எறிந்த துணியில் தானாகவே மிஷின் ஓட்டிப் பழகினாள். அதைப் பார்த்துவிட்ட கான்ட்ராக்டர், "ஏனுங்க அக்கா, இனி நீங்க கைமடி இல்லீங்க, டைலருங்க" என்றாராம். அன்று மாலை புருவமெல்லாம் சிவப்புப் பஞ்சோடு அவள் தெருவே பார்க்க நடந்து வந்ததை நான் சொல்லிப் பெருமையடிக்காத ஆள் இல்லை.

இப்போது அருள்புரத்தில் நானே சிறியதாக ஒரு யூனிட் போட்டிருக்கிறேன். முதல் பீஸை அம்மாதான் தைக்க வேண்டும், அதுவும் அன்றைய அதே சிவப்பில் என்று அலைந்து திரிந்து துணி வாங்கி வைத்தேன். மிஷினில் உட்கார்ந்த அம்மா துணியைத் தடவிப் பார்த்தாள்.

"செவப்பு எதுக்குட்டி? அன்னைக்கு வெள்ளைல்லா ஓடிச்சி."

"இல்லம்மா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நீ சொல்லுதது மறு வருசம். தீவாளி வரைக்கும் செவப்பு ஆர்டராவே ஓடிச்சே, அது. டைலரான மொத நா நான் வெள்ளைத் தலையோட வரவும், எங்கம்மா கிழவியாயிட்டான்னு ஊரக் கூட்டி அழுதது யாரு?"

மாதக்கணக்கில் பார்த்த சிவப்பு, ஒரே ஒரு மாலை பார்த்த வெள்ளையின் மேல் ஏறிவிட்டது. சாயத்துணியோடு சேர்த்து ஊறப்போட்டால் வெள்ளை வேட்டி எப்படி வெள்ளையாக இருக்கும்? அம்மா எடுத்துச் சொன்ன பிறகும், கண்ணை மூடினால் சிவப்புதான் வந்தது. அது எனக்கு வலித்தது.

சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளைத் துணியை வைத்தேன். அம்மா மிதித்தாள், தையல் கோடு போட்டது போல் ஓடியது, புதிதாகச் சேர்ந்த பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்ததும் பழைய பழக்கத்தில் முன்முடியை ஊதினேன். வெள்ளை பறக்கவில்லை.

"எவ்வளவு ஊதினாலும் இது போவாதுட்டி. இப்ப அழு பாப்போம்."

அழவில்லை, பெருமையாக இருந்தது. அந்த முதல் மாலை மட்டும் எனக்குத் திரும்பி வரவே இல்லை. இனி யார் கேட்டாலும் வெள்ளை என்றுதான் சொல்வேன். சொல்லும்போது கண்ணில் நிற்பது இந்த நரையாகத்தான் இருக்கும்.