‘ஒத்துக்கொண்டார்’ என்று எழுதியவள்

உக்ரைன் நாட்டின் சாம்பிர் ஊரில் ரயில்வே மன்றத்தின் மாடி அறையில் இப்போது யாரோ கண்ணாடி விற்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன் அங்கே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஆங்கில வகுப்பு நடக்கும். வருகிறவர்கள் எல்லாரும் குடும்பஸ்தர்கள். டிக்கெட் கொடுக்கும் ரோமான், தேனீ வளர்க்கும் ஒருவர், மருத்துவமனை நர்ஸ் ஸ்தெஃபா, கனடாவிலிருந்து வரும் அண்ணன் பிள்ளைகளின் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்று வந்த ஒரு தபால்காரர். விறகு அடுப்பு புகையும். யாராவது ஒரு பாட்டில் பிளம்ஸ் ஜாம் கொண்டுவருவார்கள். பூசைக்குப் போட்ட நல்ல சட்டையில் அது சிந்தாமல் இருக்காது.

நடத்தியவள் ஸெனோவியா. மற்ற நாட்களில் பள்ளிக்கூட ஆசிரியை. பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷம் ஆங்கிலம் படித்தவள், ஆனால் நிஜமான ஓர் ஆங்கிலேயரை முப்பத்து நாலு வயது வரை கண்ணால் கண்டதில்லை. அவளுக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒரு விஷயத்தில் கறார். ‘சொன்னார், சொன்னார் என்று ஒரே வினையை எழுதுகிறவன் ஆங்கிலம் படித்தவனே இல்லை’ என்பார். வற்புறுத்தினார், மறுத்தார், ஒத்துக்கொண்டார் என்று விதவிதமாக எழுதினால்தான் மதிப்பெண். ஸெனோவியா அதில் முதல் மாணவி. நாற்பத்தேழு வினைகளை நோட்டில் வரிசையாக எழுதிவைத்து, அதையே சாம்பிர்க்காரர்களுக்கும் மனப்பாடம் பண்ணவைத்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஊர்ப் பழ ஆலைக்கு இங்கிலாந்திலிருந்து பாட்டிலுக்கு மூடி போடும் மெஷின் வந்தது. அதைப் பூட்டிக்கொடுக்க ஹார்ட்லி என்ற ஒல்லியான மனிதர் கூடவே வந்தார். மொழிபெயர்க்க ஸெனோவியாவைக் கூப்பிட்டார்கள். ஹார்ட்லி பேசியதில் முதல் நாள் மூன்றில் ஒரு பங்குதான் அவளுக்குப் புரிந்தது. வாரக் கடைசியில் முக்கால் பங்கு புரிந்தது. அந்த வாரம் முழுக்க அவள் தரையில் நடக்கவில்லை.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் யரேமா, நர்ஸ் ஸ்தெஃபாவின் கணவர். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார்.

ஹார்ட்லி ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து, ஆப்பிள் வண்டிகள் வாசல்வரை வரிசை கட்டி நிற்கிற ஆகஸ்ட் கடைசியில், மெஷினின் அடித்தட்டு விரிசல் விட்டுச் சங்கிலி அறுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி படவில்லை. டைரக்டர் குஷ்னீர் ஸெனோவியாவை ஆள் அனுப்பி வரவழைத்தார். ‘பானி’, அதாவது அம்மணி, என்று மரியாதையாகத்தான் அவளைக் கூப்பிடுவார்.

“பானி ஸெனோவியா, அஞ்சு மணிக்குள்ள அறிக்கை ஃபேக்ஸ்ல போகணும். இல்லேன்னா புது தட்டு இந்த சீசனுக்கு வராது. சீக்கிரம்!”

அவள் மெஷினடியில் நின்ற யரேமாவிடம் போய், என்ன ஆச்சு என்று கேட்டாள்.

யரேமா கையைத் துணியில் துடைத்தார். “போல்ட்டை நான்தான் முறுக்கினேன். வேற யாரும் கிட்டயே போகல.”

அவ்வளவுதான் சொன்னார். உக்ரைன் மொழியில் அவர் சொன்ன ‘முறுக்கினேன்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘பெரெ’ என்று ஓர் ஒட்டு இருந்தது. இந்தப் ‘பெரெ’ பல வேலை பார்க்கும். மறுபடி செய்தாலும் பெரெ, அளவுக்கு மீறிச் செய்தாலும் பெரெ. ஆங்கிலத்திலோ முன்னதற்கு ‘ரீ’, பின்னதற்கு ‘ஓவர்’. எது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மணி நாலரை. அவள் கேட்கவில்லை. தட்டு உடைந்திருக்கிறதே, அப்படியானால் ஓவர்தான் என்று மனசு தானே முடிவு கட்டியது.

தட்டச்சு செய்யும்போது ‘சொன்னார்’ என்ற வினை அறிக்கையில் ஏற்கெனவே நாலு இடத்தில் வந்திருந்தது. ஐந்தாவதும் அதுவே என்றால் பேராசிரியர் முகம் சுளிப்பாரே! ‘அட்மிட்டெட்’ என்று அடித்தாள். போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டதாக மெக்கானிக் யரேமா ஒத்துக்கொண்டார். வாசித்துப் பார்த்தாள். வாக்கியம் கச்சிதமாக இருந்ததில் அவளுக்கு ஒரு பெருமைகூட.

பதில் நாலே நாளில் வந்தது. தவறு இயக்கியவருடையது, அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார், எனவே புது தட்டு தருவதற்கில்லை. குஷ்னீர் யரேமாவை மெஷினிலிருந்து எடுத்து, முற்றத்தில் ஆப்பிள் வண்டி இறக்கப் போட்டார். காரணம் கேட்ட யரேமாவிடம், “இங்கிலீஷ்காரன் உன்மேல பழி போட்டுட்டான், நான் என்ன பண்ண?” என்று கையை விரித்தார். யரேமா கருவிப்பெட்டியை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார். ஸெனோவியாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், தப்பு செய்தால் அனுபவிக்கத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிறு. அன்றைக்குப் பாடம் முன்னொட்டுகள். கரும்பலகையில் ஒரு பக்கம் ‘ரீ’, மறுபக்கம் ‘ஓவர்’ எழுதி, ஆளுக்கொரு ‘பெரெ’ சொல்லுங்கள் என்றாள். மறுபடி வாசித்தது என்றார் தபால்காரர். அது ரீ. தேனீக்காரர் தேனை அதிகமாகக் காய்ச்சிவிட்டதைச் சொன்னார்.

“அது ஓவர்,” என்றாள் ஸெனோவியா.

“என் வீட்டுக்காரிக்கும் அப்படித்தான் தோணிச்சு. அன்னிக்கு எனக்கு சூப் கெடைக்கல,” என்றார் அவர். அறை சிரித்தது.

ஸ்தெஃபா எழுந்தாள். “என் வீட்டுக்காரர் போல்ட்டை ‘பெரெ’ முறுக்கினாரே, அது?”

“ஓவர்,” என்று சொல்லி ஸெனோவியா அந்தப் பக்கம் எழுதப் போனாள்.

“ஏன் டீச்சர் ஓவர்? இங்கிலீஷ்காரர் போனதுக்கப்புறம் போல்ட்டெல்லாம் லூசாகி ஆடிச்சாம். இவரு தினமும் காலைல மறுபடி முறுக்கினாரு. அப்போ ரீதானே?”

சுண்ணாம்புக்கட்டி பலகையில் அப்படியே நின்றது. வகுப்பு சீக்கிரமே கலைந்தது. எல்லாரும் இறங்கிப் போனபிறகு ஸெனோவியா ஸ்தெஃபாவை நிறுத்தினாள்.

“ஸ்தெஃபா, இங்கிலீஷ்காரர் எந்தப் பழியும் போடல. அந்த அறிக்கையை எழுதினது நான். ஓவர்னு எழுதினேன். அவரு ஒத்துக்கிட்டாருன்னும் எழுதினேன்.”

ஸ்தெஃபா கோட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசிப் பித்தான் போட்டபிறகுதான் பேசினாள். “ஆறு வாரமா அவரு வீட்ல சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்காரு. இதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் பள்ளி விட்டதும் போனாள். முற்றம் முழுக்க ஆப்பிள் வாசனை. யரேமா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். அவர் முகம் சிவந்து அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

“தப்பா முறுக்கினேன்னு எழுதினதைக்கூட விடுங்க. மெஷின் சமாச்சாரம், உங்களுக்குத் தெரியாது. ஒத்துக்கிட்டேன்னு ஏன் எழுதினீங்க? திருடன்தான் ஒத்துக்குவான். நான் சொன்னேன், அவ்வளவுதான். ‘சொன்னார்’னு எழுத உங்க இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை கூடவா இல்ல?”

இருந்தது. மிகச் சாதாரணமான வார்த்தை, முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்தது. அவள் தலையாட்டிவிட்டு டைரக்டர் அறைக்கு ஏறினாள்.

திருத்தி இன்னோர் அறிக்கை அனுப்ப வேண்டும் என்றதும் குஷ்னீர் பதறினார். “ஆறிப்போன விஷயத்தைக் கிளறாதீங்க, பானி ஸெனோவியா. ரெண்டாவது அறிக்கை போனா நம்ம ஆலையைப் பத்தி என்ன நினைப்பாங்க? மொழிபெயர்ப்பாளரே சரியில்லைன்னு சிரிக்க மாட்டாங்க?”

“சிரிக்கட்டும். உண்மைதானே?”

“உங்களுக்கு இங்க இனிமே வேலை இல்லாமப் போயிடும்.”

“போகட்டும்.”

ஆலையின் மொழிபெயர்ப்பு வேலை போயிற்று. ஹார்ட்லி கொடுத்துவிட்டுப் போன முகவரிச் சீட்டு அவளிடம் இருந்தது. நேராக அவருக்கே ஒரு கடிதம் எழுதினாள். அதில் நாலு இடத்தில் ‘யரேமா சொன்னார்’ என்றே வந்தது. ஐந்தாவது இடத்திலும் அதையே எழுதினாள். ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்ற வினையைத் தன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் வைத்தாள். தபால்காரர் அந்த உறையைத் தன் கையாலேயே வாங்கி, தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

நவம்பர் போயிற்று, டிசம்பர் போயிற்று. அங்கே ஜனவரியில் வரும் கிறிஸ்துமஸுக்குக் கோதுமைப் பாயசம் கிண்டும்போதும் அவள் காது வாசலிலேயே இருந்தது. ஸ்தெஃபா வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். ஜனவரி கடைசியில், பனி முழங்கால்வரை கிடந்த ஒரு காலையில், தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே வந்து, பாடத்தின் நடுவில் கதவைத் தட்டினார்.

அதே மெஷின் வாங்கிய வேறு இரண்டு ஆலைகளிலும் போல்ட்டுகள் தளர்ந்தனவாம். தட்டின் வார்ப்பிலேயே குறை. புது தட்டு இலவசமாக வருகிறது. மறுபடி மறுபடி முறுக்கிய மெக்கானிக் இல்லாவிட்டால் மெஷின் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது என்றும், அவரிடம் மன்னிப்பு கேட்பதாகவும் ஹார்ட்லி எழுதியிருந்தார்.

குஷ்னீர் யரேமாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து மெஷினுக்கே வந்துவிடலாம் என்றார். யரேமா தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.

“கடிதத்தை எல்லார் முன்னாடியும் வாசிக்கணும். டீச்சரே வாசிக்கணும்.”

அப்படியே நடந்தது. முற்றத்தில் நாற்பது ஐம்பது பேர் வாயில் ஆவி பறக்க நின்றார்கள். ஸெனோவியா ஒரு காலிப் பெட்டியின் மேல் ஏறி நின்று, ஆங்கிலத்தில் ஒரு வரி, தங்கள் மொழியில் ஒரு வரி என்று வாசித்தாள். ‘மன்னிப்பு கேட்கிறார்’ என்ற இடத்தில் கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். வாசித்து முடித்து, தான் எழுதிய தவறையும் தன் வாயால் சொன்னாள்.

யரேமா கிட்டே வந்து, அவள் பெட்டியிலிருந்து இறங்கக் கை கொடுத்தார். “இப்ப சரியா வந்திருக்கு,” என்றார்.

அடுத்த ஞாயிறு ஸ்தெஃபா வந்தாள். கூடவே யரேமாவும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்பத்தேழு வினைகளின் பட்டியலை ஸெனோவியா அதற்குள் அடுப்பில் போட்டிருந்தாள். இனி அந்த வாரத்து ஊர் வம்புதான் பாடம்.

“பக்கத்து வீட்டுக்காரி மருமகளைப் பத்தி என்னமோ சொன்னா,” என்று ரோமான் ஆரம்பிப்பார்.

“சொன்னாளா, குறைப்பட்டாளா?”

“பெருமை அடிச்சா டீச்சர்!”

“நீங்க கேட்டீங்களா, ஒட்டுக் கேட்டீங்களா?” என்பார் கடைசி பெஞ்சிலிருந்து யரேமா. பேசாத மனிதரின் நக்கலுக்குத் தனி ருசி. அந்த மாடிப்படி வரைக்கும் சிரிப்பு கேட்கும். எந்த வினை என்று முடிவாகாமல் ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். பேசினவரையே போய்க் கேட்டுவிட்டு வா என்று ஸெனோவியா சிலரைத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

பதினோரு வருஷம் அப்படி ஓடியது. பிறகு ஆட்கள் வேலை தேடி இத்தாலிக்கும் கனடாவுக்கும் கிளம்ப, பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. யரேமாவும் ஸ்தெஃபாவும் வின்னிபெக் போனார்கள். அங்கே ஒரு பணிமனையில் யரேமாவுக்கு வேலை. விபத்து அறிக்கை என்றால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்களாம், இதை ஸ்தெஃபா கடிதத்தில் பெருமையடித்திருந்தாள்.

கடைசி வகுப்பில் நாலு பேர்தான். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. ரோமானின் மனைவி பிளம்ஸ் வைத்து அவித்த கொழுக்கட்டைகளைக் கொடுத்தனுப்பியிருந்தாள். விறகு தீரும்வரை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஊரை விட்டுப் போன ஒவ்வொருவரும் எப்போது என்ன சொன்னார்கள் என்று தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸெனோவியா அன்று ஒருவரையும் திருத்தவில்லை.