பச்சை மட்டும் தெரிய வேண்டிய திரை

ஓய்வு பெற்றவனை யாரும் சும்மா கூப்பிடுவதில்லை. கையெழுத்து வேண்டுமென்றால் கூப்பிடுவார்கள். ஹப்சிகுடாவில் ஒரு தனியார் மருத்துவமனை தரச்சான்றுக்கு விண்ணப்பித்திருந்தது. அதன் நெட்வொர்க் கருவிகளெல்லாம் நலமாக இருக்கின்றன என்று வெளியாள் ஒருவர் எழுதித் தர வேண்டும். தொலைத்தொடர்புத் துறையில் இந்த மாதிரி விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் என்னை அழைத்தார்கள்.

கட்டுப்பாட்டு அறைச் சுவரில் பெரிய திரை இருந்தது. கருவி ஒன்றுக்கு ஒரு கட்டம். நலமென்றால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு. அத்தனையும் பச்சை. ஓர் அலுவலகத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் நலமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அறைக்குப் பொறுப்பு ஓர் ஒப்பந்த எஞ்சினியர், சின்னப் பெண். தாத்தா காலத்திலிருந்தே ரயில்வே காலனியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம்; பேச்சில் இந்த ஊர் உருது கலந்துவரும்.

"மூணாவது மாடி நெட்வொர்க் ஸ்விட்ச் எங்கேம்மா? திரையில காணோமே."

"மெயின்டனன்ஸ்ல இருக்கு அங்கிள்."

"யாரு ரிப்பேர் பண்றாங்க?"

"யாரும் இல்ல. அப்படிப் போட்டுட்டா செவப்பு காட்டாது."

பழுதுபார்க்கும் நேரத்தில் வீண் எச்சரிக்கை வரக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வசதி அது. இங்கே வழக்கம் வேறு. தினமும் காலையில் சேர்மன் திரையைத் தரிசிக்க வருவார். அவர் வருவதற்குள் சிவப்பாக இருப்பதையெல்லாம் மறைத்துவிட வேண்டும். அவர் போன பிறகு மறைப்பை நீக்க வேண்டும் என்பதை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்விட்சின் விசிறி நின்றுபோயிருந்தது. காற்று வரட்டுமென்று அலமாரிக் கதவைத் திறந்து, சலைன் அட்டைப்பெட்டி ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஸ்விட்ச் பெட்டி கை வைக்க முடியாதபடி கொதித்தது. அந்த மாடி முழுக்கத் தனி அறைகள். உள்ளே நோயாளியின் மானிட்டர் அலறினால், மூடிய கதவுக்கு வெளியே நர்ஸ்கள் மேசையிலும் ஒலிக்க வேண்டும். அந்த ஒலி போவது இந்தப் பெட்டி வழியாகத்தான்.

"மாத்தச் சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன் அங்கிள். இந்த வருஷம் நக்கோ, வேண்டாம்னுட்டாங்க. செவப்பை மட்டும் எடுத்துடும்மான்னாங்க."

"யாரு லாகின்ல எடுத்தே?"

"என்னோடதுதான். கைக்கு கேக்குறீங்க?"

அவள் பேச்சில் 'கைக்கு' என்றால் 'ஏன்'. ஏன் கேட்டேன் என்று விளக்கினேன். மறைத்தது யார் என்பதை இயந்திரம் குறித்துவைத்துக்கொள்ளும். மறைக்கச் சொன்னது யார் என்பதைக் குறிக்காது. அவள் முகம் சுருங்கியது.

"இந்த வருஷம் பர்மனென்ட் பண்றதா சொல்லியிருக்காங்க. இப்பப் போய் வம்பு பண்ணவா?"

ஆனாலும் மறுநாள் அவள் மறைப்பை எடுத்தாள். சேர்மன் சிவப்பைப் பார்த்து முகம் சுளித்தார். அவர் படியிறங்குவதற்குள் நிர்வாக அதிகாரி மேலே வந்து, பழையபடி ஆக்கச் சொன்னார். ஆக்கினாள். சாயங்காலம் போனில் இதைச் சொன்னாள்.

என் அறிக்கையில் அந்த ஸ்விட்சை உடனே மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். நிர்வாக அதிகாரி கோயம்புத்தூர்க்காரர், பரம மரியாதைக்காரர்.

"ஏனுங்க சார், 'கவனிப்பில் உள்ளது'ன்னு போட்டுட்டாப் போச்சுங்க. அதுவும் உண்மைதானுங்களே?"

"யார் கவனிப்புல?"

"நீங்க ரொம்ப விளையாடறீங்க சார்" என்று சிரித்தார். காபி வரவழைத்தார். அடுத்த வாரம் வேறொரு ஓய்வு பெற்றவரின் கையெழுத்தோடு சான்று வந்துவிட்டது.

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம் ஸ்விட்ச் நின்றது. திரை பச்சையாகவே இருந்தது. ஓர் அறையில் நாச்சாரத்துக்காரரான ஒரு வயதானவருக்கு மூச்சுத் திணறி, மானிட்டர் அலறியிருக்கிறது. மேசையில் ஒலிக்கவில்லை. கூட இருந்த அவர் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணை நடத்தினார்கள். என்னையும் அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதில் ஒருவர் நிர்வாக அதிகாரி.

"மறைப்பு யாருடைய லாகினில் போடப்பட்டிருந்தது?"

"அந்தப் பெண்ணுடைய லாகினில். ஆனால் போடச் சொன்னது…"

"கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்."

சொல்லிமுடித்தேன், பெயரோடு. குறிப்பெழுதியவர் பேனாவை மூடி வைத்துவிட்டிருந்தார். எழுத்தில் தருகிறேன் என்றேன். வெளியார் எழுதித் தரும் சாட்சியத்துக்கு அந்த விசாரணையில் இடமில்லையாம். விதியை எடுத்துக் காட்டினார்கள். சரியான விதிதான், எனக்குத் தெரியும்.

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அடையாள அட்டையை முன்பே வாங்கி வைத்துவிட்டார்கள்.

"என்ன அங்கிள் கேட்டாங்க?"

"யாரு லாகின்னு."

"ஹவ்" என்று ஆமோதித்தாள். "அது ஒண்ணுதானே அவங்களுக்கு வேணும்."

பிறகு, மேசையில் ஏன் ஒலிக்கவில்லை என்பதை இறந்தவரின் மனைவிக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்டாள். இல்லையென்றேன். அந்த அம்மாவின் வீட்டு விலாசம் கேட்டாள். மருத்துவமனை அதைத் தராது, விதிப்படி தரக்கூடாது என்றேன். தலையாட்டிவிட்டு, நாச்சாரம் போகும் ஆட்டோ ஒன்றைக் கை காட்டி நிறுத்தினாள்.