மாட்டாஸ்பத்திரியில் ஒரு பல்லி

இன்று காலை செஞ்சி மாட்டாஸ்பத்திரியில், ஆடுகளுக்கு நடுவே, மூடியில் துளை போட்ட டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஆட்டைப் பிடித்திருந்த அம்மா கேட்டார்: "இன்னா தாத்தா அதுல? கோழிக்குஞ்சா?"

"பல்லிம்மா. போன வாரம் தண்ணிக் குடத்துல வுழுந்து கெடந்துச்சு. எடுத்து வச்சிருக்கேன். கண்ணு தெரியல. பூச்சி புடிச்சிப் போட்டாலும் தின்ன மாட்டுது."

"அய்ய! எங்க ஊட்ல தொடப்பத்தால தொரத்துறோம். நீ பஸ்ல ஏத்திக் கூட்டியாந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நாலு நாள் பட்டினியில் அதன் வயிறு ஒட்டிப்போயிருந்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பழைய தோல் உரியாம கண்ணுமேல ஒட்டிக்கிச்சு தாத்தா. இதுக்கு இமை கெடையாது. நாக்காலதான் கண்ணத் தொடைச்சிக்கும்" என்றார். ஈரப் பஞ்சால் நனைத்து நனைத்து, வெங்காயச் சருகு போன்ற தோலை மெல்ல எடுத்தார்.

என் நைனா, பல்லியை அப்படித்தான் கூப்பிடுகிறேன், நாக்கை நீட்டித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு என்னைப் பார்த்தது.

வெளியே வந்ததும் டப்பாவுக்குள்ளிருந்து "ச்சு ச்சு" என்றது. கேலி செய்த அம்மா சட்டென்று விரலால் பெஞ்சைத் தட்டினார்.

"சொல்லிடுச்சு! என் ஆடு பொழச்சிக்கும்!"

வீட்டுக்கு வந்து டப்பாவுக்குள் விட்ட முதல் ஈயை நைனா ஒரே தாவில் பிடித்துத் தின்றது.

காலண்டரில் பல்லி விழும் பலனை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தலையில், தோளில், காலில் விழுந்தால் என்ன பலன் என்று எல்லாம் இருக்கிறது. குடத்தில் விழுந்த பல்லியைத் தூக்கிவிட்டால் என்ன பலன் என்று மட்டும் இல்லை.

தெரிந்தவர்கள் எழுதுங்கள். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் படித்துவிடுவேன்.